கோட்டின் இடது பக்கம்

மட்டாஞ்சேரி
12 ஜூன் 2024

அன்புள்ள கேசவனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையைப் பார்த்ததுமே உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. முப்பத்தேழு வருஷத்தில் உன் தலை நரைத்திருக்கும். எழுத்து மட்டும் அப்படியே இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது. வேலைக்கு வரும் அம்மிணி கடிதத்தைக் காட்டித் தன் மலையாளம் கலந்த தமிழில், "ஆரோட கத்து மாமி, கேஸ் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். மூன்று வருஷம் வியாழக்கிழமைதோறும் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒருவருடையது என்றேன். "அப்போ கேஸ்தான்" என்றாள்.

என் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். களமசேரிக்கு நீ புரொஃபஸராகத் திரும்பி வந்து பதினெட்டு வருஷமாம். இங்கிருந்து களமசேரி என்ன காசியா? உன் ஸார் என்னைத் தனியாக விட்டுக் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கும் நீ வரவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன், மொளகூட்டலில் உப்பு அதிகமா?

இனி நீ கேட்ட விஷயம். தாமிரமும் மாங்கனீசும் கலந்து கண்ணாடியில் படியவைத்த மெல்லிய படலத்துக்குக் காந்தத்தன்மை உண்டு என்று உன் ஸார் 1986இல் எழுதிப் பத்திரிகையில் வந்த குறிப்பில் இருக்கிறது, உன் மாணவி மாதுரி இரண்டு வருஷமாகப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தென்படவில்லை, அதனால் பழைய கண்ணாடித் துண்டுகளும் நோட்டுப் புத்தகமும் வேண்டும் என்கிறாய். துண்டுகள் ஆறும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பஞ்சுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பொருத்தும் பித்தளைத் தாங்கியும் இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன். நோட்டைத் தர மாட்டேன். அது இரும்பு அலமாரியில் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு எடுத்துத் துடைத்து, திறக்காமலே திரும்ப வைப்பது வழக்கம்.

அந்தக் குறிப்பில் வந்த வரைபடம் நான் இந்தியன் இங்கில் வரைந்தது. உனக்கு நினைவிருக்கும். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உன் ஸார் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் முதுகு வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு கடைசி வரை அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பேப்பர் படிக்க வெளிச்சம் கிடைக்கும்.

போன் பண்ணாதே. என் பெண் அஞ்சனா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த காது மெஷின், போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. எழுது. அந்தச் சோதனையைத் தமிழில் எனக்குப் புரியும்படி எழுது. எத்தனையோ பக்கம் பிரதி எடுத்திருக்கிறேன். உன் ஸாரிடம் கேட்டால் "உனக்கெதுக்கு" என்பார்.

ஆசீர்வாதங்களுடன்,
விசாலாக்ஷி வெங்கிடேஸ்வரன்


களமசேரி
20 ஜூன் 2024

மதிப்பிற்குரிய மாமிக்கு, கேசவ் அநேக நமஸ்காரம்.

பாட்டிலும் தாங்கியும் வந்து சேர்ந்தன. பஞ்சைப் பிரித்தபோது கர்ப்பூர வாசனை அடித்தது. மாதுரி சிரித்தாள். மொளகூட்டலில் ஒரு நாளும் உப்பு அதிகமானதில்லை, மாமி. அதன் பிறகு எங்கே சாப்பிட்டாலும் குறைவாகத்தான் தோன்றியது.

சோதனையைக் கேட்டிருந்தீர்கள். சாதாரண வெளிச்சம் எல்லாத் திசையிலும் அதிரும். அதை ஒரு போலராய்டு தகட்டின் வழியே விட்டால், ஒரே திசையில் அதிரும் ஒளி மட்டும் வெளியே வரும். தளவிளைவுற்ற ஒளி என்று பாடப் புத்தகத்தில் சொல்வார்கள். அதைப் படலத்தின் மேல் பட்டுத் திரும்பி வரும்படி செய்கிறோம். படலம் காந்தமாகியிருந்தால், திரும்பி வரும் ஒளியின் அதிர்வுத் திசை மயிரிழை திரும்பியிருக்கும். ஒரு டிகிரியை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றோ இரண்டோ பங்கு. கண்ணுக்குத் தெரியாது. அதனால் எதிரே இரண்டாவது தகடு ஒன்றை, ஒளியை ஏறக்குறைய மறைக்கும்படி வைத்து, அதைத் தாண்டி வருவதை மீட்டரில் அளக்கிறோம்.

ஏறக்குறைய என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முழுக்க மறைத்துவிட்டால், ஒளி எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் கூடவே செய்யும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விடும். ஆகவே தகட்டை ஒரு டிகிரி திறந்து வைப்போம். அப்போது ஒரு பக்கம் திரும்பினால் வெளிச்சம் கூடும், மறு பக்கம் திரும்பினால் குறையும். படலத்தின் அருகே ஒரு மின்காந்தம் இருக்கும். அதில் மின்சாரத்தை எதிர்த்திசையில் விட்டுக் காந்தத்தைத் திருப்பிப் போட்டால் ஒளியும் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் பரீட்சை. காந்தத்தைத் திருப்பிய பிறகும் வெளிச்சம் கூடினால், அது படலத்தின் காந்தத்தன்மை இல்லை. வேறு ஏதோ அசைந்திருக்கிறது.

அசைவுதான் இதில் பெரிய சத்துரு. நம் கல்லூரி லேபின் ஜன்னலுக்கு வெளியே லாரி போனால் மீட்டர் முள் ஆடும். அது தூரம் போகும் வரை ஸார் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். யாரும் மூச்சு விடக் கூடாது.

துண்டுகள் ஆறையும் எங்களுடைய புதிய தாங்கியில் வைத்துப் பார்த்துவிட்டோம். ஒன்றிலும் எதுவும் இல்லை. நோட்டைப் பார்த்தால் நல்லது, மாமி. அனுப்ப வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் போதும். மார்ச்சில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் மாதுரியின் தீஸிஸ் முடிய வேண்டும்.

அன்புடன்,
கேசவ்


மட்டாஞ்சேரி
2 ஜூலை 2024

அன்புள்ள கேசவனுக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். புரிந்தது. இவ்வளவு எளிதான விஷயத்தை அவர் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று கோபமும் வந்தது.

ஆனால் கேள், நீ சொல்லும் பரீட்சையில் என் படம் பாஸ் ஆகிறதே. இப்போதும் அதற்கு எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வலது பக்கம் கோடு மேலே ஏறுகிறது, இடது பக்கம் கீழே இறங்குகிறது. காந்தம் ஒரு பக்கமானால் கூடி, திருப்பிப் போட்டால் குறைகிறது. நீ கேட்பது இதுதானே? அப்படியானால் முப்பத்தெட்டு வருஷம் பஞ்சில் கிடந்து படலம் கெட்டுப்போயிருக்க வேண்டும். ஊறுகாயே கெட்டுப்போகிறது. உன் மாணவியிடம் சொல், பெரியவர்கள் அளந்து வைத்ததைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கட்டும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. உப்பைப் பற்றி எழுதி நழுவிவிட்டாய். நான் படித்த கான்வென்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததை எழுதினால் பேப்பரையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நானும் கொடுக்கிறேன். ஏன் வருவதை நிறுத்தினாய்?

மழை விடவில்லை. பஜார் ரோடு கிடங்குகளில் சுக்கு மூட்டை நனைந்து தெரு முழுக்க வாசனை.

ஆசீர்வாதங்களுடன்,
விசாலாக்ஷி வெங்கிடேஸ்வரன்


களமசேரி
9 ஜூலை 2024

மதிப்பிற்குரிய மாமிக்கு நமஸ்காரம்.

எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். நீங்கள் விடுகிற ஆள் இல்லை.

1986 ஆகஸ்டில் அந்த அளவுகளை எடுத்தது நான். மீட்டரைப் படித்து நான் சொல்லச் சொல்ல ஸார் நோட்டில் எழுதினார். இரண்டு பக்கமும் வெளிச்சம் கூடியது, மாமி. காந்தத்தை எப்படிப் போட்டாலும் கூடியது. ஸார் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னமோ சரியில்லை, ஓணம் லீவு கழிஞ்சு பார்க்கலாம்" என்றார். நான் பாலக்காடு போனேன். ஸாருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். குறிப்பு எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் பத்திரிகை வந்தது. அதில் இடது பக்கம் கோடு கீழே இறங்கியிருந்தது.

எழுத்தில் ஸார் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். ஒளியில் மாற்றம் தெரிகிறது, காரணம் ஆராயப்பட வேண்டும் என்று இரண்டே வரி. ஆனால் படிக்கிறவர்கள் படத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் படத்தை நம்பித்தான் மாதுரி இரண்டு வருஷம் உழைத்தாள்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்த வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஸாரிடம் கேட்டேன். "அது அப்படி வந்தது என்னால்தான். இந்த வீட்டில் இனி இதைப் பற்றிப் பேசாதே" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உலகத்திலேயே நேர்மையான மனிதர் என்று நினைத்திருந்தவர், நான் படித்துச் சொன்ன எண்களை மாற்றிவிட்டார் என்று தெரிந்த பிறகு அந்த வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஸார் காலமானபோது பத்தாம் நாள் உங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

மன்னியுங்கள்.

கேசவ்


மட்டாஞ்சேரி
13 ஜூலை 2024

திரு. கேசவ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாற்பத்தொன்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். பஸ் கண்டக்டர் கேட்க மறந்த டிக்கெட்டுக்கு, இறங்கிய பிறகு பின்னால் நடந்துபோய்ப் பணம் கொடுத்தவர் அவர். அவர் எண்களை மாற்றினார் என்று எழுதிய காகிதத்தை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டம் இல்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடித் துண்டுகளைப் பத்திரமாகத் திருப்பிச் சேர்ப்பிக்கவும்.

விசாலாக்ஷி வெங்கிடேஸ்வரன்


மட்டாஞ்சேரி
5 செப்டம்பர் 2024

கேசவா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அம்மிணி குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு, "மாமி பரீட்சை எழுதுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் மேல் இருந்த கோபத்தில், நீ சொன்னது பொய் என்று காட்டுவதற்காகத்தான் நோட்டைத் திறந்தேன். ஆகஸ்ட் பக்கம். இடது பத்தியில் மின்சாரம்: பதினொரு வரிகளில் மைனஸ் குறியோடு, பதினொன்றில் பிளஸ். வலது பத்தியில் வெளிச்சத்தின் மாற்றம். இருபத்திரண்டு எண்களும் பிளஸ். நீ சொன்னது சரி. அவர் எதையும் மாற்றவில்லை. நீ படித்ததைப் படித்தபடி எழுதியிருக்கிறார்.

மாற்றியது நான்.

அந்த ஓணத்தில் அவர் கண் மஞ்சளாக, எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தார். குறிப்பு அனுப்பக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பிரதி எடுத்தேன், படம் வரைந்தேன். புள்ளிகளை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் மேலே போய்ப் பசுவின் கொம்பு மாதிரி இருந்தது. அவருடைய பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் காந்தத்தின் படம் இடது பக்கம் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சலில் மைனஸ் போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மறக்கிறவர்தான். அதற்கு முன்னால் இரண்டு தடவை நான் கண்டுபிடித்துச் சொல்லி, "நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில், தூங்குகிறவரை எழுப்பக்கூட இல்லை. பதினொரு மைனஸை நானே போட்டேன். கோடு அழகாக வந்தது. கையெழுத்துக்கு நீட்டியபோது, "நீ எழுதினதை நான் ஏன் பார்க்கணும்" என்று பார்க்காமலே போட்டார். அன்று மத்தியானமே ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மைனஸ்கள் என் நினைவிலேயே இல்லை. பொட்டு வைத்துக்கொண்டதையா ஒருத்தி நினைவு வைத்திருப்பாள்?

பக்கத்தின் அடியில் பென்சிலில் அவர் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறார். தேதி 1987 பிப்ரவரி 5. நீ பத்திரிகையோடு வந்ததற்கு ஒரு வாரம் முன்னால். "தாங்கியில் உள்ள ஒரு ஸ்க்ரூ இரும்பு. பித்தளை ஸ்க்ரூ போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை." இவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது எனக்கு ஒவ்வொன்றாகப் புரிகிறது. அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பிரதி எடுக்கக் கொடுத்ததே இல்லை. "உன் கண்ணுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது, கழுகுக் கண். டைப்பிஸ்டிடம் கொடுத்தார். நான் ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. புரமோஷனுக்கு மனுப் போட்டபோது, எழுதிய கட்டுரைகளின் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. நான் சண்டை போட்டேன். உங்களுக்கு முதுகெலும்பே இல்லை என்றேன், கேசவா. அவர் சிரித்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டது பேப்பர் படிக்க இல்லை.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஜெராக்ஸ் இல்லை, நோட்டையே. நீ அவரைப் பற்றி நினைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டும். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

விசாலாக்ஷி


களமசேரி
12 செப்டம்பர் 2024

என் அன்புள்ள மாமி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வகுப்புக்குப் போகவில்லை.

மறுநாள் மாதுரியும் நானும் ஸாருடைய பழைய தாங்கியை எடுத்துத் துண்டை அதில் பொருத்தினோம். முன்பு அதை நாங்கள் தொடவே இல்லை. நான்கு ஸ்க்ரூவில் மூன்று பித்தளை. ஒன்று மட்டும் இரும்பு, மஞ்சள் முலாம் பூசியது. பித்தளை போட்டுப் பார்த்த பிறகு ஸார் அந்த இரும்பையே திரும்ப மாட்டி வைத்திருக்கிறார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. காந்தத்தை ஓட்டினோம். வெளிச்சம் கூடியது. திருப்பிப் போட்டோம். அப்போதும் கூடியது. இரும்பைக் காந்தம் இழுக்கும்போது தாங்கி துளி சாய்கிறது, கண்ணாடியும் சாய்கிறது. காந்தம் எந்தப் பக்கமானாலும் இரும்பை இழுக்கத்தானே செய்யும், தள்ளாதே. ஸ்க்ரூவை மாற்றினோம். முள் அசையவில்லை. "முப்பத்தெட்டு வருஷமாக ஒரு ஸ்க்ரூவா ஸார்?" என்று மாதுரி கேட்டாள். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவளுடைய அளவுகள் எல்லாம் சரியானவை. தீஸிஸ் பிழைத்தது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அற்பம் என்று நினைத்திருந்தேன். ஸார், "என்னால்தான்" என்று சொன்னதும் நான் சத்தமாகக் கேட்க வாயைத் திறந்தேன். அப்போது நீங்கள் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்தீர்கள். ஸார் வலது கையைத் தூக்கினார். லேபில் லாரி போகும்போது தூக்குவாரே, அதே மாதிரி. நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகும் வரை கையை இறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த வீட்டில் பேசாதே என்றது எனக்காகவோ அவருக்காகவோ இல்லை, மாமி.

முப்பத்தேழு வருஷம் அவரைத் திருடன் என்று நினைத்திருந்தேன். அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டும். 'பிரதி எடுத்ததில் நேர்ந்த பிழை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். யார் பெயரும் வேண்டாம். நீங்கள் சரி என்றால் அனுப்பிவிடுகிறேன். நோட்டை என் மேஜையில் பூட்டி வைத்திருக்கிறேன். திருவோணத்துக்கு என் நமஸ்காரம்.

உங்கள்
கேசவ்


மட்டாஞ்சேரி
25 செப்டம்பர் 2024

அன்புள்ள கேசவா,

ஒரே வரியில் முடிக்காதே. பிழை தானாக நேராது. ஒருவர் செய்தால்தான் உண்டு. ஆசிரியரின் மனைவி விசாலாக்ஷி, மூல நோட்டில் இல்லாத பதினொரு மைனஸ் குறிகளை ஆசிரியருக்குத் தெரியாமல் சேர்த்தார் என்று எழுது. என் பெயரில் வடமொழி எழுத்து சரியாக இருக்கட்டும். அச்சான பிறகு அது அவருக்குத் தெரிந்தது, தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும் எழுது. எனக்காகத்தான் சொல்லவில்லை. இருந்தாலும் அது தப்புத்தான். அந்தப் பெண்ணின் இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அவர் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார், கையைப் பிசைந்துகொண்டு. மாதுரியிடம் கையைக் கழுவச் சொன்னேனே, அதற்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எழுதியிருந்தாய். அந்தப் பொறுப்பு இப்போது என்னுடையது. கேட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

கூடத்துப் படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று கிடக்கிறது. "இனி அவிடெ என்ன வைக்கறது மாமி, மாமாவோட போட்டோவா?" என்றாள் அம்மிணி. ஒன்றும் வேண்டாம் என்றேன். நாற்காலியைச் சதுரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு அதில் நான் உட்கார்கிறேன். வெளிச்சம் போதவில்லைதான்.

அடுத்த வியாழக்கிழமை நவராத்திரி தொடங்குகிறது. சுண்டலும் மொளகூட்டலும் இருக்கும். மாதுரியையும் கூட்டிக்கொண்டு வா. ஃபோர்ட் கொச்சி வரை வாட்டர் மெட்ரோ வருகிறதாம், அதில் வந்து ஆட்டோ பிடி. பஸ் ஸ்டாப் வரை வந்து திரும்புகிற வேலை வேண்டாம். நோட்டைக் கொண்டுவா. பூஜையில் வைக்க வேண்டும். இந்தத் தடவை திறந்து வைப்பேன்.

திருத்தத்தோடு சேர்ப்பதற்காகப் புதிய படம் ஒன்று வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்த்து எண்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். பழைய பேனா காய்ந்துவிட்டது, இங்க் மட்டும் எப்படியோ பாட்டிலில் மிச்சம் இருந்தது. பேனா புதிது. எழுபத்தெட்டு வயசுக் கை, கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் மேலே போகிறது, பசுவின் கொம்பு மாதிரி. இடது பக்கத்தில் எட்டாவது புள்ளி மட்டும் வரிசையை விட்டு விலகிக் கீழே நிற்கிறது. நீ தப்பாகப் படித்தாயோ, அந்த நேரத்தில் லாரி ஏதாவது போயிற்றோ, தெரியாது. அரை மில்லிமீட்டர் மேலே தள்ளினால் வரிசையில் சேர்ந்துவிடும். கை துறுதுறுத்தது.

அங்கேயே விட்டிருக்கிறேன்.

உன்
மாமி